நூற்றுப் பதினெட்டாவது கோப்பு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் செய்த ஒரு தவறிலிருந்து பிறந்தது. கனவில் வந்தது, கற்பனையில் உதித்தது என்றெல்லாம் பெருமையடித்துக்கொள்ள வழியில்லை. ஒரு மதியம், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, வேலை மெனக்கெட்டு ஒரு பட்டனை அமுக்கினேன். அதன் பலனை எங்கோ ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் அனுபவித்தார்கள். அவர்கள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். திட்டவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆரம்பத்தை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன்.

[முதல் வரைவு: "கணினி யுகத்தில் மனித உறவுகள் என்பவை" — எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.]

[இரண்டாவது: "அக்காவும் தங்கையும் வேறு வேறு அறைகளில் உட்கார்ந்து ஒரே" — ஒரே என்ன? அதற்குமேல் ஓடவில்லை.]

[மூன்றாவது: "அவள் கதவைத் திறந்தபோது" — இப்படி ஒரு முறை எழுதி மாட்டிக்கொண்டவன் நான். விவரம் கீழே.]

நான்காவதைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்கள். தேறுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

2

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருந்தேன். நான் எழுதுவது ஒரு கட்டற்ற மென்பொருளில். அதாவது அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை ஊருக்கும் கொடுக்கலாம். கொள்கைப் பிடிப்பால் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் பழைய கம்ப்யூட்டரில் முரண்டு பிடிக்காமல் ஓடியது அது ஒன்றுதான்.

கதையின் கடைசிப் பத்தியை எழுதி முடித்துச் சேமிக்கும் பட்டனை அமுக்கினேன். அதே நொடியில் மின்சாரம் போயிற்று. திரும்பி வந்தபோது கோப்பு திறக்கவில்லை. உதவிப் பக்கத்தில் ஒரு முகவரி இருந்தது: "கெட்டுப்போன கோப்புகளை இங்கே அனுப்பவும்." கிணற்றில் போட்ட கல்தான் என்று நினைத்துக்கொண்டே அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பதில் வந்துவிட்டது. பதினோரு பத்திகளும் திரும்பி வந்திருந்தன, கடைசி வாக்கியத்தின் வால் மட்டும் இல்லாமல். "அவள் கதவைத் திறந்தபோது" என்பதோடு கதை நின்றுபோயிருந்தது. கூடவே ஒரு வேண்டுகோள்.

"உங்கள் கோப்பு மிக அபூர்வமான விதத்தில் கெட்டிருக்கிறது. எங்களிடம் இப்படி ஒன்று கிடையாது. உங்களுக்குச் சம்மதம் என்றால், எல்லோரும் பயன்படுத்தும்படி எங்கள் சேகரிப்பில் வைத்துக்கொள்கிறோம்."

என் எழுத்தைப் பற்றி அதுவரை வந்த விமர்சனங்களில் இவ்வளவு மரியாதையானது வேறு இல்லை. உடனே சம்மதம் எழுதி அனுப்பினேன். என் கதைக்கு 118 என்று எண் கொடுத்தார்கள்.*

* அந்தக் கதையை நான் பிறகு தொடவில்லை. வாலில் என்ன எழுதினேன் என்று சத்தியமாக நினைவில்லை. ஆனால் என் கதைகளிலேயே அதிகத் தடவை திறக்கப்பட்டது அதுதான். அந்த மென்பொருளில் யார் எந்தச் சின்ன மாற்றம் செய்தாலும், சேகரிப்பிலுள்ள முந்நூற்றுப் பன்னிரண்டு கெட்ட கோப்புகளையும் இயந்திரம் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒழுங்காக மீட்க முடிகிறதா என்று பார்க்கும். என் கோப்பிலிருந்து பதினோரு பத்தி வந்தால் பச்சை விளக்கு, வராவிட்டால் சிவப்பு. ஒரு நாளைக்கு நூறு தடவையாவது திறப்பார்கள். ஒருவரும் படிப்பதில்லை. இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான்.

3

எனக்குப் பதில் எழுதியவர் ஓர் அக்கா. கதையில் என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டபோது, "பேரெல்லாம் வேணாம், தங்கச்சிக்கு ஆபீஸ்ல வம்பாயிடும். அக்கான்னே போடுங்க" என்றார். மென்பொருள் வட்டாரத்தில் அவருக்கு டாக்டரம்மா என்று பட்டப்பெயர், செத்த கோப்புகளைப் பிழைக்க வைப்பதால். ஒரு நாள் யாரோ வாசலில் நின்று அப்படிக் கூப்பிட்டுவிட, கீழ் வீட்டுக்காரர் அன்று மாலையே முட்டிவலிக்கு மாத்திரை கேட்டு மாடியேறி வந்துவிட்டாராம்.

(இனிமேல் கதைக்குள் போகிறோம். உள்ளே போனதும் 'அவர்' கழன்று 'அவள்' வந்துவிடுகிறது. எழுதும் கை அப்படிப் பழகிவிட்டது. அக்கா மன்னிக்கவும்.)

அக்காவுக்குச் சம்பளம் தருகிற வேலை பேருந்து நிறுவனத்தில், கால அட்டவணை போடுவது. காலையில் அலுவலகம் கிளம்புவதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் கட்டற்ற மென்பொருளுக்கு. பதினைந்து வருடமாக இப்படித்தான். ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஒரே வரியில் பதில் எழுதினாள்: "முகம் தெரியாதவங்க எழுதி வெச்சதைப் படிச்சுத்தான் நான் இந்த வேலையே கத்துக்கிட்டேன்."

தங்கைக்கு வேலை, எழுதும் மென்பொருளை விற்கும் நிறுவனத்தில். அங்கே அவள் மீட்புப் பிரிவின் பொறுப்பாளர். அதாவது அக்கா சும்மா செய்கிற அதே வேலையைத் தங்கை உத்தியோகமாகச் செய்கிறாள். சின்ன வயதில் ஒரே கம்ப்யூட்டரில் முறை வைத்து உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்கள். கல்யாணம் காட்சி என்று யோசிக்காமல் இருவரும் அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

வேலையில் சேரும்போது தங்கை ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாள். கட்டற்ற மென்பொருளின் உட்புறத்தை, அதாவது நிரலை, அவள் பார்க்கவே கூடாது. அங்கே ஒரு நிபந்தனை உண்டு: எங்களிடமிருந்து எடுத்தால் நீங்களும் திறந்து காட்ட வேண்டும். நிறுவனத்துக்கு அது ஆகாது. அங்கே பார்த்த நாலு வரி மறதியாக இங்கே வந்துவிட்டால் குடுமி மாட்டிக்கொள்ளும்.

அதனால் வீட்டுக்குள் ஒரு ஏற்பாடு. அக்காவின் மேஜை முன்னறையில், திரை சுவரைப் பார்த்து. தங்கையின் மேஜை பின்னறையில். நடுவில் சமையலறை. தன் வீட்டு முன்னறைக்குள் நுழைவதற்குத் தங்கை வாசலிலேயே நின்று ஒரு செருமல் செருமுவாள். உள்ளே லேப்டாப் மூடும் 'டப்' சத்தம் கேட்ட பிறகுதான் கால் வைப்பாள். குளிக்கப் போகத் துண்டு எடுக்க வந்தாலும் இதே கதைதான்.

அம்மாவுக்கு இது தாங்கவில்லை. "ரெண்டு பேரும் ஒரே வேலையைத்தானே செய்றீங்க. அவ செஞ்சதைப் பாத்து இவ செஞ்சா என்ன குடியா முழுகிடும்?"

"கம்பெனி ரகசியம்மா" என்பாள் தங்கை.

"ரகசியமா? முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உக்காந்து ஊர் பேச்செல்லாம் காதுல வாங்கினவ நான். ஒரு வார்த்தை வெளிய போயிருக்குமா? உங்களுக்குக் கதவும் செருமலும் வேண்டியிருக்கு."

4

இங்கே கொஞ்சம் கட்டுரை வருகிறது. பிடிக்காதவர்கள் ஐந்துக்குத் தாவலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தங்கை சேர்ந்த புதிதில் அவள் நிறுவனம், கெட்ட கோப்பை மீட்கும் வசதியை உயர்ந்த பதிப்பு வாங்கியவர்களுக்கு மட்டுமே தந்தது. அக்காவின் கூட்டம் அதையே எல்லோருக்கும் சும்மா தந்தது. "பக்கத்துல வாசல்ல வெச்சுக் கொடுக்கறாங்க. நாம பெட்டிக்குள்ள பூட்டி வெச்சிருக்கோம், யார் சார் வருவாங்க?" என்று தங்கை தன் மேலாளரிடம் மன்றாடி, ஒரே வருடத்தில் சாதாரணப் பதிப்புக்கும் அது வந்துவிட்டது.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. அக்காவின் மென்பொருள் முன்பெல்லாம் கோப்பு கெட்டால், "பிழை 7043. மீட்பு தோல்வி" என்று போலீஸ்காரர் மாதிரி விறைப்பாகச் சொல்லும். கடை ஒன்றில் காட்சிக்கு வைத்திருந்த கம்ப்யூட்டரில் அக்கா தங்கையின் மென்பொருளைப் பார்த்தாள். வெளிப்புறத்தைப் பார்க்க யாருக்கும் தடை இல்லை. அது, "கவலைப்படாதீர்கள், உங்கள் எழுத்து பத்திரமாக இருக்கிறது" என்றது. கெட்ட செய்தியை இப்படியும் சொல்லலாமா என்று அக்காவுக்குப் பொறாமையாகப் போய்விட்டது. அடுத்த பதிப்பில் அவளுடையதும் அதே வார்த்தைகளில் இதமாகப் பேச ஆரம்பித்தது.

வெளியே இதைப் போட்டி என்கிறார்கள். போட்டிதான். எதிரெதிர் வீடுகளில் ஒருவர் ஜன்னலுக்குத் திரை போட்டால் மற்றவரும் போடுகிறாரே, அந்த மாதிரிப் போட்டி. இரண்டு வீட்டிலும் வெயில் குறைகிறது. தெருவில் நடக்கிற என்னைப் போன்ற ஆட்களுக்கும் பார்க்க நன்றாக இருக்கிறது.*

* அக்காவின் குறிப்பு, வரைவைப் படித்த பிறகு: "பிரிவு 4, கடைசிப் பத்தி. ஜன்னல் உதாரணம் சரியா ஒட்டல. இருந்தாலும் விட்டுடுங்க." அவர்கள் வேலையில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து, இடம் குறித்து, குறை சொல்ல வேண்டும் என்று வழக்கம். என் கதைக்கும் அதே மரியாதை கிடைத்தது.

5

இரண்டு பேரும் தொடலாம் என்று அனுமதி இருந்தது அந்தக் கெட்ட கோப்புச் சேகரிப்பு ஒன்றுக்குத்தான். கெட்ட கோப்பு என்பது நிரல் கிடையாது. யாரோ எழுதிய கடிதம், பாடக்குறிப்பு, கதை. நிறுவனத்தின் வக்கீல் இரண்டு மாதம் யோசித்து, எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து தங்கையின் அலுவலகத்திலும் அதே முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள் தினமும் காலையில் சேகரிப்பிலிருந்து புதிதாக இறங்கி, சோதனைக்கு ஓடின.

மாலையில் சமையலறையில் டீ குடிக்கும்போது பேச்சு இப்படிப் போகும்.

"இருநூத்தி நாலு?"

"நல்லா இருக்கு."

"அம்பத்தொம்பது?"

"அது நேத்தே எந்திரிச்சுடுச்சு."

"நூத்திப் பதினெட்டு?"

"அப்படியே படுத்திருக்குக்கா. அசையவே மாட்டேங்குது."

"பாவம், அதுக்கு என்ன வயசாச்சு?" என்றாள் அம்மா.

"அஞ்சு வருஷம்மா."

அம்மா உச்சுக் கொட்டினாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தங்கையின் நிறுவனம் புதுப் பதிப்பு ஒன்றைத் தயார் செய்திருந்தது. அது கோப்புகளைப் படுவேகமாகச் சேமிக்கும். ஆனால் அப்படிச் சேமிக்கும் நொடியில் மின்சாரம் போனால், கோப்பு அச்சு அசலாக என் 118 கெட்ட விதத்தில் கெடும். சேகரிப்பில் அந்த வகைக்கு இருந்தது அது ஒன்றுதான். தங்கை மேலாளரிடம் தீர்மானமாகச் சொல்லியிருந்தாள்: "நூத்திப் பதினெட்டு எந்திரிச்சாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். இல்லாட்டி ஜனங்க எழுதினது போயிடும்."

வெளியீட்டுத் தேதியை இரண்டு தடவை தள்ளிப் போட்டாயிற்று. மேலாளர் தினமும் காலையில் அவள் மேஜைக்கு வந்து, "பேஷன்ட் எப்படி?" என்று கேட்டுவிட்டுப் போவார். மேலிடத்தில் அவள் பேச்சுக்கு இருந்த மதிப்பெல்லாம் அந்த ஒரு சிவப்பு விளக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

6

இங்கேதான் நான் வருகிறேன்.

அந்த மதியம் சும்மா இருக்காமல் சேகரிப்புப் பக்கத்தைத் திறந்து, என் கதையைத் தேடினேன். இருந்தது. கீழே என் பெயர். கடைசியில், உலகமே பார்க்கும்படி, "அவள் கதவைத் திறந்தபோது" என்று அரைகுறையாக நின்ற வாக்கியம். எனக்கு மானம் போய்விட்டது. பத்து வருடம் கழித்து யாராவது பார்த்தால், இவனுக்கு ஒரு வாக்கியம்கூட முடிக்கத் தெரியாது என்றல்லவா நினைப்பார்கள்?

பக்கத்திலேயே "திருத்தம் அனுப்ப" என்று ஒரு பட்டன். கோப்பை மீட்டுத் திறந்தேன். அரை வாக்கியத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் லட்சணமாக ஒரு முடிவு எழுதினேன். சேமித்தேன். "சிறு திருத்தம்" என்று குறிப்பு எழுதி அனுப்பிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு தூங்கப் போனேன்.

நான் செய்தது என்ன என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். மீட்டுத் திறந்து சேமித்ததும் கோப்பு குணமாகிவிட்டது. கெட்டிருப்பதுதான் அதன் உத்தியோகம். நான் வைத்தியம் பார்த்துவிட்டேன்.

அக்கா அப்போது பேருந்து நிறுவனத்தில் சாப்பாட்டு இடைவேளையில் இருந்தாள். போனில் அறிவிப்பு வந்தது. அனுப்பியவர் பெயரும் கதை எழுதியவர் பெயரும் ஒன்று. எழுதியவருக்கு இல்லாத உரிமையா என்று, ஒரு கையில் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டே இன்னொரு கையால் 'ஏற்கிறேன்' என்பதை அமுக்கினாள்.

7

முந்தின நாள்தான் தங்கை தன் பக்கத்தில் ஒரு மாற்றம் செய்திருந்தாள். அதில் அவளுக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் முந்நூற்றுப் பன்னிரண்டும் பச்சை. பிரிவில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மேலாளர் தானே போய்ப் பேனா எடுத்து வந்தார்.

சாயங்காலம் அவள் செருமாமலே முன்னறைக்குள் ஓடினாள். அக்கா பாய்ந்து லேப்டாப்பை மூடினாள்.

"அக்கா, நூத்திப் பதினெட்டு எந்திரிச்சுடுச்சு."

"நெஜமாவா? உன்னோடதுலயா?"

"பதினோரு பத்தியும். முழுசா."

அக்காவுக்கு உண்மையிலேயே சந்தோஷம். போட்டிக்காரி ஜெயித்துவிட்டாளே என்று எங்காவது ஓர் ஓரத்தில் வலித்திருக்குமோ என்று தேடிப் பார்த்தேன். கதைக்கு உதவியாக இருந்திருக்கும். கிடைக்கவில்லை.

8

புதுப் பதிப்பு வெளிவந்த ஒன்பதாம் நாளிலிருந்து புகார்கள் வந்தன. அறுபதுக்கு மேல். அவற்றில் ஒன்றைத் தங்கை தாளில் அச்செடுத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். ஒரு மொழிபெயர்ப்பாளர் அனுப்பியது. நாற்பது பக்கம், ஐந்து மாத வேலை. "உங்கள் விளம்பரத்தை நம்பித்தான் வாங்கினேன்" என்று எழுதியிருந்தார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை, அதுதான் தங்கையால் தாங்க முடியவில்லை.

[இந்த இடத்தில் என் வீட்டில் மின்சாரம் போனது. கதைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே போனது. அரை மணி நேரம் கழித்து வந்ததும், "கவலைப்படாதீர்கள், உங்கள் எழுத்து பத்திரமாக இருக்கிறது" என்று வந்தது. மொழிபெயர்ப்பாளரின் கடிதம்வரை ஓர் எழுத்துக் குறையவில்லை. நன்றி என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். வீட்டில் யாரும் இல்லை, அதனால் தப்பித்தேன்.]

அது சனிக்கிழமை. திங்கள் பத்து மணிக்குக் கூட்டம். மேலாளர், வக்கீல், அவர்களுக்கும் மேலே ஒருவர். கேள்வி ஒன்றுதான்: சோதிக்காமல் கையெழுத்துப் போட்டது யார்?

தங்கை சமையலறை மேஜையில் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எங்க தப்புன்னே தெரியலக்கா. நூத்திப் பதினெட்டு திறக்குது. அதே மாதிரி கெட்டுப்போன இவங்க ஃபைல் திறக்க மாட்டேங்குது. எப்படி?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. முன்னறைக்குப் போய் 118-இன் வரலாற்றைத் திறந்தாள். கட்டற்ற உலகத்தில் எதையும் அழிப்பதில்லை. எப்போது, யார், என்ன மாற்றினார்கள் என்று எல்லாம் அடுக்கி வைத்திருக்கும். ஒரு கெட்ட கோப்பின் வரலாறு ஒரே வரிதான் இருக்க வேண்டும்: ஐந்து வருடத்துக்கு முன் சேர்க்கப்பட்டது. இங்கே இரண்டு வரி இருந்தது. "சிறு திருத்தம்." அனுப்பியது நான். ஏற்றது அவள்.

9

இந்த இடத்தில்தான் கதை என்னை மிகவும் படுத்தியது. அக்காவுக்கு முன்னால் இருந்ததைச் சொல்கிறேன். வாயைத் திறந்தால், "இலவச சமாச்சாரத்தை நம்பாதீர்கள்" என்று காத்திருக்கும் வக்கீல் சேகரிப்புக்கே கதவைச் சாத்திவிடுவார். இரண்டு அறைகளுக்கும் பொதுவாக இருந்தது அது ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டால் திங்கள்கிழமை தங்கையின் தலை உருளும்.

[முடிவு அ: அக்கா இருட்டும்வரை முன்னறையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மனசாட்சியோடு மல்லுக்கட்டி]

[முடிவு ஆ: பழைய கோப்பை யாருக்கும் சொல்லாமல் திரும்ப வைத்துவிட்டாள். திங்கள் காலை விளக்கு தானாகச் சிவப்பாகும், யார் செய்தது என்று யாரும்]

[முடிவு இ: அம்மா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டு]

அக்காவின் குறிப்பு: "பிரிவு 9. அ, ஆ, இ மூணும் நடக்கல. நான் அவ்வளவு நேரமெல்லாம் யோசிக்கல. அடுப்புல பால் வெச்சிருந்தேன். பொங்கறதுக்குள்ள எழுதிப் போட்டுட்டு ஓடினேன்."

பால் பொங்குவதற்குள் அவள் எழுதி, எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் போட்டது இதுதான்:

"கோப்பு 118 பன்னிரண்டு நாட்களாகக் கெடாத கோப்பாக இருந்திருக்கிறது. சோதிக்காமல் திருத்தத்தை ஏற்றது நான். இந்த நாட்களில் இதை நம்பி முடிவு எடுத்தவர்கள் தயவுசெய்து மறுபடி சோதிக்கவும். பழைய கோப்பைத் திரும்ப வைத்துவிட்டேன். மன்னிக்கவும்."

என் பெயர் அதில் இல்லை. இரண்டு தடவை அமுக்கி வரலாற்றுக்குள் போனால்தான் நான் தெரிவேன். அன்று அதைப் படித்துவிட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடி மறுபடி படித்தேன். பிறகு அதன் கீழேயே, திருத்தியவன் நான்தான் என்று என் பெயரைப் போட்டு எழுதினேன். அவள் அளவுக்கு வேகமாக எழுத முடியவில்லை. எனக்கு ஒரு நாள் பிடித்தது.

பாலை இறக்கி வைத்துவிட்டு அக்கா பின்னறைக் கதவைத் தட்டினாள்.

"ஸ்க்ரீனை மூடு. ஒரு விஷயம் சொல்லணும்."

"மூடிட்டேன்."

"தப்பு என்னோடதுடி."

சொல்லி முடித்ததும் [தங்கை அழுதாள். — நீக்கப்பட்டது. விளக்கம்: தங்கை இந்த வரைவைப் படிப்பதற்கு முன் அவள் நிறுவனத்தின் வக்கீல் படிக்க வேண்டியிருந்தது. மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, ஊழியர் அழும் இடத்தை மட்டும் எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன்.] தங்கை மூடிய லேப்டாப்பைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்.

"எனக்கும்தான் தெரிஞ்சிருக்கணும்க்கா. மாசக்கணக்கா படுத்திருந்தது ஒரே நாள்ல எந்திரிச்சு நடக்குமா? எப்படின்னு ஒரு தடவை உள்ள பாத்திருக்கணும். ஆசையில கையெழுத்துப் போட்டுட்டேன்."

10

தங்கை எனக்கு எழுதியது மொத்தம் மூன்றே மெயில். அதை வைத்துக்கொண்டு அவளை முதலில் இறுகின முகக்காரியாக எழுதினேன், விற்கிற நிறுவனத்து ஆள் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது போல. அது நிற்கவில்லை. இரண்டாவது மெயிலில் திங்கள்கிழமைக் கூட்டத்தை விவரித்திருந்தாள், அதில்தான் எனக்கு ஆள் பிடிபட்டாள்.

வக்கீல் ஆரம்பித்தாராம்: "சும்மா கிடைச்சதை நம்பினா இப்படித்தான் ஆகும்."

"சார், போன வருஷம் நம்ம பக்கம் ஒரு தப்பு நடந்தது. அது யார் பண்ணினதுன்னு இன்னும் கமிட்டி போட்டுத் தேடிட்டு இருக்கோம்" என்றாள் தங்கை. "இவங்க தப்பு தெரிஞ்ச உடனே பேரைப் போட்டு ஊருக்கே சொல்லிட்டாங்க. யாரை நம்பறதுன்னு நீங்களே சொல்லுங்க."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது உங்க அக்காதானே?"

"ஆமா சார். வேற யாரா இருந்தாலும் இதையேதான் சொல்லுவேன். கையெழுத்து என்னோடது. அதுக்கு என்ன செய்யணுமோ செய்யுங்க."

செய்தார்கள். வெளியீட்டுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை அவளிடமிருந்து ஆறு மாதத்துக்கு எடுத்துவிட்டார்கள். வேலை தப்பியது. சேகரிப்பும் தப்பியது, ஆனால் ஒரு மாற்றத்தோடு. ஒவ்வொரு கெட்ட கோப்புக்கும் ஒரு முத்திரை எண். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் எண் பொருந்தாது, இயந்திரம் கூச்சல் போடும். என்னைப் போன்ற நல்லவர்களிடமிருந்து பாதுகாப்பு. அதை எழுதியது நிறுவனத்து ஆட்கள். எல்லோருக்கும் சும்மா கொடுத்துவிட்டார்கள். கூடவே தங்கள் வாடிக்கையாளர்களிடம் சம்மதம் கேட்டு இருபத்தேழு கெட்ட கோப்புகளையும் சேகரிப்புக்குத் தந்தார்கள். அந்த வக்கீல்தான் அதற்கும் தாள் தயார் செய்தார். முகத்தை எப்படி வைத்துக்கொண்டு செய்தார் என்று தங்கை எழுதவில்லை.

நிஜமான 118 திரும்பி வந்ததும் தங்கை அதோடு ஒரு வாரம் போராடி வழி கண்டுபிடித்தாள். மொழிபெயர்ப்பாளருக்கு நாற்பதில் முப்பத்தெட்டுப் பக்கம் திரும்பக் கிடைத்தது. போன இரண்டு பக்கம் போனதுதான். அவர் தன் கெட்ட கோப்பையும் சேகரிப்புக்குக் கொடுத்துவிட்டார். அந்த இருபத்தேழில் முதலாவது அதுதான், எண் 313.

11

முடிவுக்கு வந்துவிட்டோம். எனக்கு இதில் அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது, இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

தங்கை கண்டுபிடித்த வழியில் ஓர் அதிசயம் இருந்தது. அக்காவின் வழியில் பதினோரு பத்தியும் ஒரு மொட்டை வாக்கியமும்தான் வரும். தங்கையின் வழியில் அதற்கு மேலும் கொஞ்சம் வந்தது. கெட்ட கோப்பின் அடியில், யாரும் தேடாத இடத்தில், அரைகுறையாகச் சேமித்த கடைசித் துணுக்கு கிடந்திருக்கிறது. என் வாக்கியத்தின் வால்.

வழியை நிரலாக இல்லாமல் வெறும் பேச்சு நடையில் நான்கு பக்கம் எழுதி வெளியிட நிறுவனம் சம்மதித்தது. அக்கா அதைப் படித்துவிட்டுத் தன் மென்பொருளில் தன் கையால் தனியாகச் செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறை மேஜையில், இரண்டு லேப்டாப்பிலும் 118-ஐத் திறந்து முதுகோடு முதுகாக வைத்தார்கள். போட்ட கையெழுத்து போட்டதுதான், அதனால் ஒருவர் திரையை ஒருவர் பார்க்கக் கூடாது. இரண்டையும் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அம்மா. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து படித்தாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ப் படித்தாள். சந்தேகத்துக்கு மறுபடி ஒரு சுற்று வந்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள்.

அக்காவும் தங்கையும் மேஜைக்கு மேலே எட்டிக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நேற்று நான் அந்த வீட்டுக்குப் போன் செய்தேன், நன்றி சொல்ல. அம்மாதான் எடுத்தார்.

"என் கதை எப்படிம்மா முடியுது?"

"நல்லாக் கேட்டீங்க. காதுல விழுந்ததை வெளிய சொல்ற பழக்கம் எனக்குக் கிடையாது. உங்க கதைதானே, நீங்களே திறந்து பாத்துக்கோங்க."

திறக்கலாம்தான். என்னிடம் இருக்கிற மென்பொருளிலேயே இப்போது அது வரும். ஆனால் என் கையை எனக்குத் தெரியும். முடிவு சுமாராக இருந்தால் திருத்தத் தோன்றும். நன்றாக இருந்தால் இன்னும் நன்றாக்கத் தோன்றும். முத்திரை இருக்கிறது, சேகரிப்பில் இருப்பதை என்னால் கெடுக்க முடியாது. அதாவது குணப்படுத்த முடியாது. இருந்தாலும் நான் திறப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். கெட்டுப்போன என் பக்கம் ஒன்றை இத்தனை பேர் இவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதற்கு நான் செய்யக்கூடிய கைம்மாறு, தொடாமல் இருப்பது.

ஆகவே முடிவை நீங்கள் பாருங்கள். கட்டற்றதில் திறந்தாலும் சரி, கடையில் வாங்கியதில் திறந்தாலும் சரி, அவள் கதவைத் திறந்தபோது என்ன ஆயிற்று என்று இரண்டும் ஒன்றையே சொல்லும். உங்களுக்கு அது பிடிக்காவிட்டால் தனியாக ஒரு பிரதி எடுத்து, உங்கள் முடிவை எழுதிக்கொள்ளுங்கள், அதற்கு அனுமதி கொடுத்து ஐந்து வருடம் ஆகிறது. ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். படித்துவிட்டு மூடும்போது, "மாற்றங்களைச் சேமிக்கவா?" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.